இருமொழிப் பள்ளி: யாருக்குச் சிறப்பு, யாருக்குக் குறை?

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் நடக்கிற இருமொழிக் கல்வியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சாதி ஒழிப்பு பேசுகிற மேடையில் அமெரிக்கப் பள்ளிக்கூடம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மொழியைச் சாக்காக வைத்துப் பிள்ளைகளை மேல் கீழ் என்று பிரிக்கிற வேலை அங்கேயும் நடந்தது. அதை எதிர்த்த போராட்டமும் நடந்தது. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அதில் நிறைய இருக்கிறது.

இருமொழிப் பள்ளி என்றால் என்ன? ஒரே வகுப்பில் வீட்டில் ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகளும் ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளைகளும் சேர்ந்து உட்காருகிறார்கள். பாதிப் பாடம் ஆங்கிலத்தில், பாதிப் பாடம் ஸ்பானிஷில். சில பள்ளிகளில் தொடக்க வகுப்பில் ஸ்பானிஷ் 90 விழுக்காடு, ஆங்கிலம் 10 விழுக்காடு என்று ஆரம்பித்து, மேல்வகுப்புக்குப் போகப் போகச் சரிபாதி ஆக்குகிறார்கள். இங்கே மொழி தனியொரு பாடமல்ல. கணக்கும் அறிவியலும் அந்த மொழியிலேயே நடக்கும். அதுதான் இதன் அடிப்படை.

இதன் தொடக்கமாக எல்லோரும் சொல்வது மயாமி நகரத்தின் கோரல் வே பள்ளியை. ஆண்டு 1963. கியூபப் புரட்சிக்குப் பிறகு அங்கிருந்து வெளியேறி வந்தவர்களின் பிள்ளைகளுக்காகவும், உள்ளூர் ஆங்கிலப் பிள்ளைகளுக்காகவும் தொடங்கியது. ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்தது.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால், 1954இல், டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஃபா என்ற ஊரில் என்ன நடந்தது தெரியுமா? மெக்சிக்கப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பிளாக்வெல் பள்ளியில், 'ஸ்பானிஷ் பேச மாட்டேன்' என்று பிள்ளைகளைத் துண்டுத்தாளில் எழுதச் சொல்லி, அதைப் பெட்டியில் போட்டு, பிணத்தைப் புதைப்பதுபோல் மண்ணில் புதைக்க வைத்தார்கள். பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைக்கு அடி விழுந்தது. இன்று அந்தப் பள்ளி தேசிய வரலாற்றுத் தலம்.

அங்கேயும் ஸ்பானிஷ்தான், இங்கேயும் ஸ்பானிஷ்தான். பேசியவர்கள்தான் வேறு. கியூபாவிலிருந்து முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் வசதியும் படிப்பும் உள்ளவர்கள். கம்யூனிச எதிர்ப்பு அரசியலுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். மார்ஃபாவின் மெக்சிக்கர்களோ உடல் உழைப்பாளிகள். பேசுகிறவன் இருக்கிற இடத்தைப் பார்த்துத்தான் மொழிக்கு மதிப்புப் போடுகிறார்கள். சாதிச் சமூகத்தில் பிறந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கலிபோர்னியாவில் இன்னொரு கதை. மெக்சிக்கப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைத்ததற்கு அதிகாரிகள் சொன்ன காரணம், 'இவர்களுக்கு ஆங்கிலம் வராது' என்பது. ஆனால் மெண்டஸ் குடும்பத்துப் பிள்ளைகளை மறுத்த அதே பள்ளி, வெளுத்த நிறமும் வேறு குடும்பப் பெயரும் கொண்ட அத்தை பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. மொழி வெறும் சாக்கு. அந்தக் குடும்பம் வழக்குப் போட்டு 1947இல் மேல்முறையீட்டிலும் வென்றது. கறுப்பின மக்களின் அமைப்பு அந்த வழக்கில் அவர்களுக்குத் துணை நின்றது.

1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிக்க மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். இருமொழிக் கல்வி அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. 1974இல் சான்பிரான்சிஸ்கோ சீனப் பிள்ளைகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. புரியாத மொழியில் ஒரே புத்தகத்தை, ஒரே ஆசிரியரைக் கொடுத்துவிட்டு, இதுதான் சமத்துவம் என்று சொல்ல முடியாது என்பது அதன் சாரம்.

1998இல் கலிபோர்னியாவில் ஒரு பணக்கார மென்பொருள் தொழிலதிபர் முன்னெடுத்த பொதுவாக்கெடுப்பு, சுமார் 61 விழுக்காடு வாக்குடன் இருமொழிக் கல்வியைப் பெருமளவு முடக்கியது. 2016இல் அதே மாநிலம், சுமார் 73 விழுக்காடு வாக்குடன் அந்தத் தடையை நீக்கியது. இடையில் நடந்தது என்ன? பல காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, வசதியான ஆங்கிலக் குடும்பங்களுக்கு இரண்டாவது மொழியின் மீது ஆசை வந்தது. யூட்டா மாநிலம் 2008இல் சட்டம் போட்டு இந்த வகுப்புகளுக்கு நிதி ஒதுக்கியது. உலக வணிகத்துக்குப் பயன்படும் என்பது அங்கே சொல்லப்பட்ட பெரிய காரணம். உரிமையாகக் கேட்டபோது தொல்லையாகத் தெரிந்தது, மேல்தட்டுக்குத் தேவை என்றதும் சொத்தாகிவிட்டது.

குவாடலூப் வால்டெஸ் என்ற பேராசிரியர் 1997லேயே எச்சரித்தார். ஆங்கிலக் குழந்தை நாலு வார்த்தை ஸ்பானிஷ் பேசினால் கைதட்டல். மெக்சிக்கக் குழந்தை முழு ஆங்கிலமும் கற்றாலும், அது அதன் கடமை. அந்தக் குழந்தையின் மொழியை மற்றவர் பயிற்சிக்குக் கருவியாக்கிவிடாதீர்கள் என்றார்.

இதனால் இருமொழிப் பள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போர்ட்லேண்ட் நகரத்தில் இந்த வகுப்புகளுக்குக் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தார்கள். கிடைத்தவர்கள், 5ஆம் வகுப்பில் ஆங்கில வாசிப்பில் சுமார் ஏழு மாதப் படிப்பு அளவுக்கு முன்னே இருந்தார்கள். 8ஆம் வகுப்பில் அது ஒன்பது மாதம். இன்னொரு மொழியில் படித்ததால் ஆங்கிலம் கெட்டுப்போகவில்லை. ஆகவே முறை நல்ல முறைதான். அதில் யாருக்கு இடம் என்பதுதான் கேள்வி. இரு மொழிப் பிள்ளைகளும் வகுப்பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு நெறி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இதற்குப் பெயர் இடஒதுக்கீடு.

இனி நம் பக்கம் வருவோம். அமெரிக்கப் பள்ளியைக் காட்டி மும்மொழித் திட்டத்தை நியாயப்படுத்த யாராவது வந்தால் ஏமாறாதீர்கள். அங்கே பெற்றோர் விரும்பிச் சேர்க்கிறார்கள். பிள்ளையின் வீட்டு மொழியே வகுப்பின் மொழியாகிறது. இங்கே மேலிருந்து திணிக்கிறார்கள். 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கியவரும், 1953இல் அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில் என்று குலக்கல்வித் திட்டம் கொண்டுவந்தவரும் ஒருவரே: ராஜாஜி. முதல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைக்குப் போய் 1939இல் உயிர் நீத்த நடராசன் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளை.

ஆனால் திணிப்பை எதிர்க்கிற நாம், நம் வகுப்பறையையும் பார்க்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற அருந்ததியர் குழந்தை, தன் மொழியோடு வருகிற இருளர் குழந்தை, நரிக்குறவர் குழந்தை — முதல் வகுப்பில் இவர்கள் வாய் திறக்காமல் இருந்தால் 'மந்தம்' என்று எழுதிவிடுகிறோம். சேரியிலிருந்து வருகிற குழந்தையின் தமிழைக் 'கொச்சை' என்கிறோம். அக்ரகாரத்துப் பேச்சை யாராவது கொச்சை என்று திருத்தியதுண்டா?

அரசுப் பள்ளியில் ஆங்கில வழியைத் தேடுகிற கூலித் தொழிலாளியை ஏளனம் செய்யவும் நமக்கு உரிமையில்லை. ஆங்கிலம் அவர் பிள்ளைக்குக் கதவு. அந்தக் கதவு திறக்க வேண்டும், ஆனால் அதற்குக் கூலியாகப் பிள்ளை தன் வாயை மூடிக்கொள்ளக் கூடாது.

எனவே தோழர்களே, மூன்று வேலைகள். ஒன்று, உங்கள் 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். இரண்டு, அந்த மொழி தெரிந்த ஒருவரை, முடிந்தவரை அந்தச் சமூகத்திலிருந்தே, முதல் இரண்டு வகுப்புகளுக்கு நியமிக்க வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அரசிடம் கேளுங்கள். மூன்று, 'கொச்சை' என்ற சொல்லை உங்கள் வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்றாவதற்கு அரசாணை தேவையில்லை. நாளைக் காலையே செய்யலாம்.