தனியாக ஒரு வேன் பயணம்: பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)

தலைவர், செயலாளர் அவர்களுக்கும், லிஃப்ட் பராமரிப்புக் கட்டண விவாதம் முடிந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஆறு நாள் என் சின்ன வேன் பார்க்கிங்கில் இல்லை. "மேடம் வண்டி ரிப்பேரா?" என்று வாட்ச்மேன் அண்ணனிடம் சிலர் விசாரித்திருக்கிறீர்கள். வண்டி நன்றாகத்தான் இருந்தது. நானும் அதற்குள்தான் இருந்தேன். நம் டெல்டாவின் கடற்கரையை ஒட்டி, பூம்புகாரில் தொடங்கிக் கோடியக்கரை வரை போனேன். வழியெல்லாம் படம் எடுத்தேன். ஐந்து இரவில் நான்கு இரவு வேனிலேயே தூங்கினேன். ஹாலின் சுவரில் நீங்கள் பார்க்கும் படங்கள் அப்போது எடுத்தவை.

படங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் மூன்று கேள்விதான் கேட்டீர்கள். ஏன் தனியாக? எங்கே தூங்கினீர்கள்? பயமாக இல்லையா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது என் தோழியின் மகன். கார்டிஃபில் வேலை பார்க்கிறான். விடுமுறை வந்தால் கேரவன் வண்டியில் வேல்ஸ் கடற்கரையோரமாகத் தனியாகப் போய்ப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புவான். அங்கே கடற்கரை முழுவதையும் ஒட்டி 870 மைல் நடைபாதை இருக்கிறது, 2012இல் திறந்தார்கள். கேரவன் நிறுத்துவதற்கென்றே மின்சாரம், தண்ணீர், கழிப்பறையோடு இடங்கள் உண்டு. நம் பக்கத்தில் கேரளா 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. நான் போன வழியில் அப்படி எந்த ஏற்பாடும் கண்ணில் படவில்லை. ஆனால் கடல் இருக்கிறது, கோயில், தர்கா, மாதா கோயில், பெட்ரோல் பங்க் இருக்கிறது. போதும் என்று கிளம்பிவிட்டேன்.

"தனியாவாம்மா?" என்று மகள் போனிலேயே அழுதுவிட்டாள். அறுபத்தோரு வயதில் இதெல்லாம் தேவையா என்பது அவள் கேள்வி. இத்தனை வருடமும் யாரோடாவது போய்த்தான் பழக்கம். பூம்புகாருக்கே நாலு முறை போயிருக்கிறேன். நாலு முறையும் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய், புளிசாதம் சாப்பிட்டு, மூன்று மணிக்குத் திரும்பிவிட்டோம். நம் கடல் கிழக்குப் பார்த்த கடல். வேல்ஸ்காரனுக்குப் பெரும்பாலும் சூரியன் கடலில் மறையும். நமக்குக் கடலிலிருந்து எழும். அதைப் பார்க்க வேண்டுமானால் இரவே அங்கே இருக்க வேண்டும். "சீக்கிரம் கிளம்பு, நேரமாகிறது" என்று சொல்ல ஆள் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் தனியாகப் போனேன்.

வேனில் எதையும் வெட்டவோ ஒட்டவோ இல்லை. பதிவுச் சான்றில் உள்ளபடி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதற்குத் தடை சொல்கிறது. ஆகவே பின்சீட்டை மடக்கி அதன் மேல் மூன்று துண்டுப் பலகை, ஒரு பழைய மெத்தை, ஜன்னலுக்குக் கொசுவலைத் துணி, அவ்வளவுதான். சமையலும் வைத்துக்கொள்ளவில்லை. மூடிய வண்டிக்குள் அடுப்புப் பற்ற வைப்பது ஆபத்து. தவிர இட்லி கிடைக்காத ஊர் எதுவும் வழியில் இல்லை. போக வர முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரே நாளில் ஓட்டிவிடலாம். நான் ஆறு நாள் எடுத்துக்கொண்டேன்.

கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் போகும்போது சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் மூட்டைகள் காத்துக் கிடந்தன. ரோட்டில் ஒரு பக்கம் நெல் காயப் போட்டிருப்பார்கள். மெதுவாகப் போங்கள், நெல் மேல் பிரேக் போட்டால் வண்டி வழுக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக மூடும் நாள் ஜனவரி 28. ஆகவே பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் கொஞ்சம்தான். திருவையாற்றில் அகலமாகப் பார்த்த ஆறு, ஊருக்கெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டு இங்கே ஒரு வாய்க்கால் அளவில் வந்து முடிகிறது. காலை ஆறே கால் மணிக்கு அந்தத் தண்ணீரில் செவ்வெளிச்சம் விழுந்த படம் சுவரில் முதலாவதாக இருக்கிறது.

அந்த ஊரிலேயே ஒரு முட்டாள்தனமும் செய்தேன். படத்துக்குக் கோணம் நன்றாக இருக்கிறதே என்று வண்டியை மணலில் இறக்கினேன். பின்சக்கரம் பாதி புதைந்துவிட்டது. வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஐந்து பேர் வந்து தள்ளிவிட்டார்கள். "டீச்சரம்மா, வண்டிய தார் ரோட்டோட வச்சுக்கங்க" என்று ஒருவர் சொன்னார். நான் டீச்சர் இல்லை, சொல்லவில்லை.

அடுத்த நாள் தரங்கம்பாடி. நம் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் 1620இல் டேனிஷ்காரர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அவர்களுக்கு இடம் கொடுத்தார். அவர்கள் கட்டியதுதான் டேனிஷ் கோட்டை. 1706இல் அங்கே வந்த சீகன்பால்கு, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது கல்லைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். கோட்டையைப் படமெடுக்க நூறு பேர் வருகிறார்கள். நீங்கள் போனால் இந்தக் கோயிலையும் எடுங்கள். பத்து வருடம் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்தால் கடல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும்.

தூங்கிய இடங்களைச் சொல்கிறேன். இரண்டு இரவு பெட்ரோல் பங்க், மேனேஜரிடம் கேட்டுவிட்டு. நாகூரில் தர்காவுக்கு வருபவர்களின் வண்டிகளோடு ஒரு இரவு. வேதாரண்யத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டு. ஆளில்லாத கடற்கரையில் ஒரு இரவும் தங்கவில்லை. இருட்டுவதற்கு முன் இடம் பிடித்துவிடுவேன், மகளுக்கு லொகேஷன் அனுப்பிவிடுவேன், வண்டியின் முகம் ரோட்டைப் பார்த்து இருக்கும், சாவி கையில் இருக்கும். பயம் இருந்ததா என்றால், முதல் இரவு இருந்தது. நாய் குரைத்தால் கூட எழுந்து உட்கார்ந்தேன். மூன்றாம் இரவு கொசுவைத் தவிர வேறு எதற்கும் எழவில்லை. பெண்களுக்கு உண்மையான சிரமம் கழிப்பறைதான். அதனால்தான் நான்காம் நாள் வேளாங்கண்ணியில் ஒரு அறை எடுத்துக் குளித்துத் துணி துவைத்தேன். ஏசி அறையில் சுகமாகத் தூங்கி விடியற்காலை கேமராவோடு வெளியே வந்தால், லென்ஸ் முழுக்க ஈரம் படிந்துவிட்டது. அது காய்வதற்குள் சூரியன் மேலே வந்துவிட்டது. கேமராவைப் பையிலேயே மூடி வைத்து வெளிச்சூட்டுக்குப் பழக விட்டுப் பிறகு எடுங்கள். உப்புக்காற்றில் எடுத்த அன்று இரவே லேசான ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

வேதாரண்யத்தில் ஒரு நினைவு வந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து உப்புச் சத்தியாகிரகத்துக்கு நடந்து கிளம்பினார். நம் தஞ்சாவூர் வழியாகத்தான் அந்தப் படை போனது. அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று அப்போதைய தஞ்சை கலெக்டர் எச்சரித்தார். மக்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள். ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளினார்கள். அதே வழியில் எனக்கும் தெரியாதவர்கள் மோர் கொடுத்தார்கள், வாசலில் வண்டி நிறுத்தச் சொன்னார்கள். தனியாகப் போனால்தான் இது நடக்கிறது. நாலு பேராகப் போனால் நாம் நமக்குள் பேசிக்கொள்வோம், ஊர்க்காரர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

கோடியக்கரையில் கிழக்குக் கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. சரணாலயம் 1967இல் ஏற்பட்டது. 2002 முதல் ராம்சர் பட்டியலில் இருக்கிறது. வெளிமான்களைப் பார்த்தேன். பூநாரைகள் வெகு தூரத்தில், ஒரு வெளுத்த கோடு மாதிரி. என் லென்ஸுக்கு எட்டவில்லை. கிட்டே போனால் பறந்துவிடும் என்று வனக்காவலர் சொன்னார், நின்றுவிட்டேன். 2018 நவம்பர் 16 கஜா புயலில் சாய்ந்த மரங்களின் அடிக்கட்டைகளை இன்னும் பார்க்கலாம். காட்டுக்குள் இரவு வண்டி நிறுத்தக் கூடாது, வேதாரண்யத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். நான்காம் நாள், நாகைக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கேட்காமல் படம் எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"எடுத்துட்டுப் போயிடுவ. எனக்கு ஒண்ணு குடுப்பியா?" என்றார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த அம்மாவின் கணவரும் ஒருவர். "வூட்டுல மாட்டியிருந்த போட்டோ எல்லாம் கடல் கொண்டுட்டுப் போயிடுச்சு. எங்க அம்மா முகம் எப்படி இருந்துச்சுன்னே இப்ப சரியா நெனவு இல்ல" என்றார்கள். சேலையை மாற்றிக்கொண்டு வந்து பேத்தியோடு உட்கார்ந்தார்கள். ஆறேழு படம் எடுத்தேன். பத்து நாளில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

பத்து நாள் ஒரு மாதமானது. இங்கே வந்ததும் எல்லாப் படத்தையும் வாட்ஸ்ஆப்பில் போட்டேன். நீங்களும் பாராட்டினீர்கள். பிரிண்ட் மட்டும் போடவில்லை. ஒரு நாள் லின்னேயஸ் டிரைப் என்பவரைப் பற்றிப் படித்தேன். 1858இல் மாட்டு வண்டிகளில் கேமராவையும் ரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்து, பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, இருபத்தொரு பிரிண்டுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக்கியவர். பெரிய உழைப்பு. அவர் எடுத்த படங்கள் இன்று லண்டன் போன்ற ஊர்களில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் பார்க்க நாம்தான் அங்கே போக வேண்டும். நானும் அதைத்தானே செய்திருக்கிறேன் என்று தோன்றியது. மறுநாளே பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து, பஸ் ஏறிப் போனேன்.

அந்த அம்மா படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்கள். "இது நானா?" என்றார்கள். பிறகு மகளைக் கூப்பிட்டு, "பாருடி, ஆயா மாரியே இருக்கேன்" என்றார்கள். இருபது வருடமாக நினைவுக்கு வராத அம்மாவின் முகம் தன் முகத்திலேயே இருந்ததை அன்றுதான் பார்த்தார்கள். நான் அவ்வளவு தாமதம் செய்திருக்கக் கூடாது.

ஆகவே, யார் வேண்டுமானாலும் போய் வாருங்கள். மூன்று துண்டுப் பலகையும் மெத்தையும் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருக்கின்றன, இரவல் தருகிறேன். போகுமுன் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். யாரையாவது படம் எடுத்தால் முதலில் கேளுங்கள், பேரையும் ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள், வீடு திரும்பிய வாரமே பிரிண்ட் போட்டு அனுப்பிவிடுங்கள்.

உங்களிடம் கேட்க வந்தது இதுதான். பொங்கல் விழாவில் நாம் எல்லோரும் படம் எடுத்தோம். வாட்ச்மேன் அண்ணன் குடும்பத்தோடு நின்றார். படிக்கட்டு கூட்டும் அக்காவும் தண்ணீர் கேன் போடும் தம்பியும் நின்றார்கள். படங்கள் எல்லாம் குடியிருப்போர் வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கின்றன. அந்தக் குழுவில் அவர்கள் இல்லை.

உங்கள் போனில் அவர்கள் இருக்கும் படங்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்புங்கள். பிரிண்ட் செலவு என்னுடையது. அடுத்த கூட்டத்தில் அவர்களை இங்கே மேடைக்குக் கூப்பிட்டு நாமே கையில் கொடுப்போம்.