சாயத் தண்ணியை எங்கே ஊத்தறது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது. பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)



போன வருசம் இதே விழாவுல பணியாரம் சுட்டு வித்த குழுதான் நாங்க. இந்த வருசம் எங்க மேசையில கலர் கலரா டீ-சர்ட்டைப் பார்த்துட்டு, "ஏனுங்க, பணியாரம் எங்கே?"ன்னு நாலஞ்சு பேர் கேட்டாச்சு. பணியாரம் இல்லீங்க. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்தற வேலையை எப்படிக் கத்துக்கிட்டோம், எங்கே சறுக்குனோம்னு பேசச் சொல்லித் தலைவியக்கா கூப்பிட்டாங்க. சறுக்குனதைத்தான் அதிகமாச் சொல்லப் போறேன்.

எங்க ஊரு திருப்பூர் பக்கம். வெள்ளை பனியன் துணிக்கு நாங்க எங்கேயும் அலைய வேண்டியதில்லை. காதர்பேட்டைக்குப் போனா ஏற்றுமதியில மிஞ்சுன சரக்கு, செகண்ட்ஸ், டேமேஜ் பீஸ் எல்லாம் கிடைக்கும். சின்னதா ஒரு கறை, ஒரு ஊசி ஓட்டைன்னு கழிச்சுப் போட்ட வெள்ளைச் சட்டையில, அந்தக் கறை மேல ஒரு சுழி விழற மாதிரி சாயம் போட்டா கறையே தெரியாது. எங்களுக்கு இந்த யோசனை வந்ததே அதனாலதான்.

குழுவுல உள்கடன் 6,000 ரூபாய் வாங்குனேன். செல்போன்ல வீடியோ பார்த்துட்டு, 24 சட்டை வாங்கி, பொடக்காணியில வாளியை வெச்சு ஆரம்பிச்சாச்சு. கட்டறது எங்களுக்குக் கஷ்டமாவே இல்லீங்க. சேலைக்குக் கொசுவம் வெக்கிற கைக்குச் சட்டையை மடிக்கறதா பெரிசு? கொசுவம் மாதிரியே மடிச்சு அங்கங்கே ரப்பர் பேண்டு போட்டா கோடு கோடா வரும். கொண்டைக்கடலையை உள்ளே வெச்சு நூலால சுத்துனா வட்டம் வட்டமா வரும். ஈரச் சட்டையைத் தரையில விரிச்சு, நடுவுல ஒரு முள்கரண்டியைக் குத்தி முறுக்குச் சுத்தற மாதிரி சுத்தி, மேல மூணு ரப்பர் பேண்டைக் குறுக்கே போட்டா ஆறு பாகம் ஆயிரும். பாகத்துக்கு ஒரு கலர் ஊத்துனா அதுதான் பசங்க கேக்கற சுழி. மஞ்சளுக்குப் பக்கத்துல ஊதாவை மட்டும் ஊத்தாதீங்க. ரெண்டும் சேர்ந்தா சேத்து நிறம்தான். மஞ்சளுக்குப் பக்கத்துல சிவப்பு, சிவப்புக்குப் பக்கத்துல நீலம், அப்படிப் போனா நடுவுல வர்ற கலப்பும் நல்லா இருக்கும்.

24 சட்டையும் காயறப்ப பார்க்க அத்தனை அழகு. நோம்பிக்கு முன்னாடி 15 சட்டை வித்துப் போச்சு. நோம்பி முடிஞ்ச அடுத்த நாள் பக்கத்துத் தெரு அக்கா கையில ஒரு பள்ளிக்கூடச் சட்டையோட வந்து நின்னாங்க. எங்க சட்டையை அதோட சேர்த்து ஊற வெச்சிருக்காங்க. வெள்ளைச் சீருடை ரோஸ் ஆயிருச்சு, எங்க சட்டை வெளுத்துப் போச்சு. அடுத்தடுத்து ஒம்பது பேர் வந்தாங்க. எல்லாருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தோம், சீருடைக்கும் சேர்த்து. அன்னிக்கு ராத்திரி வந்த வெசனத்துல சாப்பாடு எறங்கலீங்க. குழுக் காசாச்சே.

தப்பு எங்கேன்னு எங்க வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சார். அவர் சாயப்பட்டறையில 11 வருசம் வேலை பார்த்தவர். வாளி பக்கத்துல இருந்த பாக்கெட்டை எடுத்துப் பார்த்துட்டு, "ஆப்ப சோடாவைப் போட்டு எப்படிம்மா சாயம் புடிக்கும்?"னு கேட்டார். வீடியோவுல சோடான்னு சொன்னாங்க, நான் மளிகைக் கடையில சோடான்னு கேட்டேன், அவங்க இட்லிக்குப் போடற சோடாவைக் கொடுத்துட்டாங்க. வேணுங்கறது சலவை சோடா. அது காரம் ஜாஸ்தி. பருத்தி நூலும் ரியாக்டிவ் சாயமும் ஒண்ணோட ஒண்ணு நிரந்தரமா பிணையறதுக்கு அந்தக் காரம் வேணும். ஆப்ப சோடாவுக்கு அந்த அளவு காரம் கிடையாது. அது இல்லைன்னா சாயம் துணி மேல சும்மா உட்கார்ந்திருக்கும், தண்ணி பட்டா எந்திரிச்சுப் போயிரும்.

இன்னொண்ணும் அவரே சொன்னார். ரியாக்டிவ்லயே பல வகை. டப்பாவுல எம் அப்படின்னு மட்டும் போட்டிருந்தா சாதாரணத் தண்ணியிலயே பிடிக்கும். எம்ஈ, ஹெச்ஈ-ன்னு இருந்தா அடுப்பு வெச்சுச் சூடு ஏத்தணும். வீட்டுக்கு எம்தான். கடையில எழுத்தைப் படிச்சுப் பார்த்து வாங்குங்க.

இப்ப நாங்க செய்யற முறையைச் சொல்லிடறேன், குறிச்சுக்கறவங்க குறிச்சுக்கோங்க. புதுச் சட்டையை முதல்ல சோப்புப் போட்டு நல்லாத் துவைக்கணும், கஞ்சியும் கம்பெனி மெழுகும் போகணும். கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊத்தக் கூடாது. நாலு லிட்டர் தண்ணிக்குச் சுமார் 200 கிராம் சலவை சோடா கரைச்சு, கட்டுன சட்டையை அதுல 20 நிமிசம் ஊற வெச்சுப் பிழியணும். பிளாஸ்டிக் வாளியிலதான், அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரிச்சிரும். கால் லிட்டர் தண்ணிக்கு ரெண்டு டீஸ்பூன் சாயத்தூள் கரைச்சு, சாஸ் பாட்டில்ல ஊத்திப் பிதுக்கி விடணும். மடிப்புக்குள்ள எறங்கற வரைக்கும் விடணும், திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் விடணும். அப்புறம் பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி மறுநாள் வரைக்கும் அப்படியே வெச்சிரணும். காய்ஞ்சுட்டா சாயம் புடிக்கறது நின்னுரும். மார்கழிக் குளிர்ல இன்னும் அரை நாள் கூட விடுங்க. மறுநாள் முடிச்சை அவுக்கறதுக்கு முன்னாடியே பச்சைத் தண்ணியில அலசி, அவுத்து மறுபடி அலசி, கடைசியா நல்ல சுடுதண்ணியில சோப்புப் போட்டு அலசணும். பிடிக்காத சாயம் சுடுதண்ணிக்குத்தான் வெளியே வரும். நாங்க முதல் தடவை இதையும் செய்யலை.

சோடாத் தண்ணியை மூடி வெச்சு மறுபடி பயன்படுத்தலாம். கரைச்ச சாயத்தை வெச்சிருக்க முடியாது, நாள் ஆக ஆகத் தண்ணியோடயே சேர்ந்து சக்தி போயிரும். அதனால கொஞ்சமாக் கரைங்க.

முகக்கவசம், கையுறை இல்லாம சாயத்தூள் டப்பாவைத் திறக்காதீங்க. அந்தத் தூள் மூச்சுல ஏறுனா சில பேருக்கு ஆஸ்துமா மாதிரி இழுப்பு வந்திரும், ஒரு தடவை ஒத்துக்காமப் போனா அப்புறம் எப்பவுமே ஒத்துக்காது. ஃபேனை நிறுத்திட்டுத் திறங்க. சாயத்துக்கு எடுத்த கரண்டி மறுபடி சமையக்கட்டுக்குள்ள வரக் கூடாது.

ஸ்வெட்ஷர்ட், ஹூடி கேட்டு ஆர்டர் வருது, ஊட்டிக்குப் போற காலேஜ் பசங்க கேக்கறாங்க. அது வேற கதை. பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த துணி. நம்ம சாயம் பருத்தியில மட்டும்தான் ஏறும், பாலியஸ்டர் வெள்ளையாவே நிக்கும், அதனால மங்கலாத் தெரியும். வாங்கறப்பவே ஓரத்துல ரெண்டு நூல் உருவிப் பத்த வெச்சுப் பாருங்க. காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலானா பருத்தி. உருகி மணி மாதிரி கெட்டியானா பாலியஸ்டர். நூறு சதம் பருத்திச் சட்டையிலயும் தையல் நூல் பாலியஸ்டரா இருந்தா, தையல் மட்டும் வெள்ளைக் கோடாத் தெரியும். அதை டேமேஜ்னு ஒருத்தர் திருப்பிக் கொடுத்தார். இப்ப விக்கறப்பவே சொல்லிடறோம். ஸ்வெட்ஷர்ட் துணி கனம், நிறைய மடிப்பு வெச்சா உள்ளே சாயம் போகாது. பெரிய மடிப்பா நாலு போதும். பிழியறதுக்கு ரெண்டு பேர் வேணும், போர்வை பிழியற மாதிரி.

மஞ்சள்ல போடலாமான்னு ஈரோட்டு அக்கா ஒருத்தங்க கேட்டாங்க. மஞ்சள் வெயிலுக்கு நிக்காதுங்க, சோப்புப் பட்டா சிவக்கும். குங்குமம் எப்படிச் செய்யறோம்னு நினைச்சுப் பாருங்க.

இது வரைக்கும் சொன்னது சுலபமான பகுதி.

ரெண்டாவது தடவை நல்லா வந்துச்சு. சாயம் போகலை, காசும் வந்துச்சு. சுடுதண்ணி, பச்சைத் தண்ணின்னு எல்லா அலசலையும் பொடக்காணியில இருக்கிற எலுமிச்சை மரத்தோரமா ஊத்திட்டிருந்தேன். ஒரு நாள் எங்கப்பா ஊர்ல இருந்து வந்தார். செவந்து கிடந்த மண்ணைப் பார்த்தார், எலுமிச்சை இலை ஓரம் காய்ஞ்சதைப் பார்த்தார். ஒண்ணும் பேசலை. காப்பி கூடக் குடிக்காம, "நான் வர்றேன் கண்ணு"ன்னு கிளம்பிட்டார்.

எங்கப்பா காடு சென்னிமலைக்குத் தெக்க, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. 1992-ல நொய்யல் குறுக்கே அந்த அணையைக் கட்டுனப்ப பாசனம் வருதுன்னு ஊரே கெடா வெட்டிச்சு. வந்தது வெள்ளியங்கிரி மலைத் தண்ணி இல்லீங்க, சாயத் தண்ணி. அணை சாயக் குட்டை ஆச்சு. எங்க கிணத்துத் தண்ணி உப்புக் கரிச்சுது, மாடு வாயை வெக்காது. தென்னை ஒண்ணொண்ணாக் குருத்து காய்ஞ்சுது. என் கல்யாணத்துக்கு விக்கலாம்னு வெச்சிருந்த அந்த ஒரு ஏக்கரை அப்புறம் யாருமே கேக்கலை.

அப்படிப்பட்ட வீட்டுப் பொண்ணைச் சாயப்பட்டறைக்காரருக்குக் கட்டிக் கொடுத்தாங்க. அந்தச் சம்பளத்துலதான் என் ரெண்டு பிள்ளைகளும் படிச்சுது. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறை, சலவைப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொல்லிச்சு. எழுநூத்துக்கும் மேல பட்டறை. எங்கப்பா ஊர்ல பட்டாசு வெடிச்சாங்க. எங்க வீட்ல மூணு மாசம் அடுப்பு எரியறதே சிரமம். ரெண்டும் எனக்குத் தெரியும், யார் பக்கம்னு கேட்டா எனக்கு இன்னிக்கும் சொல்ல வராது. அப்புறம் கழிவுத் தண்ணி ஒரு சொட்டுக் கூட வெளியே விடக் கூடாதுன்னு ஆச்சு, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துல சுத்தம் பண்ணித் திரும்பப் பயன்படுத்துனாத்தான் ஓட்ட முடியும்னு ஆச்சு. கோடிக்கணக்குல செலவு பண்ணி அதைச் செஞ்சுட்டிருக்காங்க. நான் எலுமிச்சை மரத்தோரமா ஊத்திட்டிருக்கேன்.

அதுக்கப்புறம் முறையை மாத்துனோம். ஓடற குழாயில அலசறதில்லை, மூணு சின்ன வாளியில அலசறோம். அந்தத் தண்ணியை மொட்டை மாடியில தார்ப்பாய் விரிச்ச பாத்தியில விட்டு வெயில்ல வத்த விடறோம். அடியில தங்கற உப்பையும் சாயத்தையும் சாக்குல கட்டி வெச்சிருக்கோம். அந்தச் சாக்கு இன்னும் மாடியிலதான் இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில பாத்தி வத்தாது, அந்த ரெண்டு மாசம் வேலையே கிடையாது. வாரத்துக்குப் பத்துச் சட்டைக்கு மேல போடறதில்லைன்னு தீர்மானப் புத்தகத்துல எழுதிட்டோம்.

தீர்மானம் எழுதி ஒரு மாசம் கூட ஆகலை, ஒரு காலேஜ்ல இருந்து 200 ஹூடி கேட்டாங்க. சட்டைக்கு 80 ரூபாய் நிக்கும், 16,000 ரூபாய். கூட்டத்துல பெரிய சண்டை. "உங்கப்பன் காட்டுக்காக எங்க பிள்ளைகள் பட்டினி கிடக்கணுமா?"ன்னு ஒரு அக்கா கேட்டுட்டாங்க. அவங்க மேலயும் தப்பில்லை, அவங்களுக்கு அந்த மாசம் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டணும். வியாபாரமாப் பெரிசாச் சாயம் போட்டா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல அனுமதி வாங்கணும்னு எங்க வீட்டுக்காரர் சொன்னதும்தான் சத்தம் கொஞ்சம் அடங்குச்சு.

அப்ப எங்க ஊக்குநர் ஒண்ணு சொன்னாங்க. அவங்க பொறந்தது மதுரை. சுங்குடிச் சேலை தெரியுமில்லீங்களா, 2005-ல புவிசார் குறியீடு வாங்குனது. அங்கே பொம்பளைங்க வீட்ல உட்கார்ந்து ஆயிரக்கணக்குல முடிச்சு மட்டும் போடுவாங்களாம், சாயம் ஏத்தறது சாயக்காரங்க வேலையாம். "நீங்களும் முடிச்சை மட்டும் போடுங்களேன்"னாங்க.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோட இணைப்பு இருக்கிற ஒரு பட்டறையில கேட்டோம். 12 ஹூடியைக் கட்டி மாதிரிக்குக் கொடுத்தோம். மூணு ஹூடியில மெஷின் சூட்டுக்கு ரப்பர் பேண்டு அறுந்து, டிசைனே இல்லாம வந்துச்சு. மறுபடி எல்லாத்தையும் கனமான நூல்ல கட்டிக் கொடுத்தோம், வந்தது. அஞ்சு கலர் முடியாது, ஒரே கலர்தான். கருநீலத்துல வெள்ளை வட்டம். காலேஜ் பசங்க மூஞ்சியைச் சுளிச்சாங்க, அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. பட்டறைக் கூலி போக ஹூடிக்கு 35 ரூபாய் நின்னுச்சு. 7,000 ரூபாய். அதை முடிச்சுப் போட்ட ஏழு பேரும் பங்கிட்டோம், ஆளுக்கு 1,000. ஒரு ஹூடியைக் கட்ட எத்தனை நேரம் ஆச்சுன்னு கணக்குப் போட்டா அது கூலியே ஆகாது, உண்மையைச் சொல்லிடறேன். அந்த அக்கா இன்னும் என்கிட்ட சரியாப் பேசறதில்லை. ஆனா அடுத்த ஆர்டருக்கு நூல் வாங்கிட்டு வந்தது அவங்கதான்.

கூலி கட்டணும்னா ஹூடிக்கு இன்னும் 40 ரூபாய் கூட வெக்கணும். இல்லைன்னா நாலஞ்சு குழு ஒண்ணாச் சேர்ந்து ஆயிரம் பீஸாக் கொடுக்கணும், அப்ப பட்டறையில கூலியைக் குறைப்பாங்க. அதுக்குத்தான் இந்தப் பேச்சே. எந்தக் குழு வர்றீங்கன்னு செயலாளர் அக்காகிட்ட பேர் கொடுங்க.

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் மண்டபத்துக்குப் பின்னால மேசை போட்டிருக்கேன். பழைய பனியன், கொண்டைக்கடலை, நூல் எல்லாம் இருக்கு. சாயம் மட்டும் கொண்டு வரலை, இங்கே ஊத்தறதுக்கு எடமில்லை. முடிச்சுப் போடக் கத்துக்கிட்டுப் போலாம்.