பன்னிரண்டு எண்கள்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து ஆலயமொன்றில், கல்வி உதவிநிதி வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். இன்று வேறொன்றைப் பேச அனுமதி வேண்டுகிறேன். கையில் வைத்திருக்கிறோமே தொலைபேசி, அதைப் பற்றி. இன்னும் சொல்லப்போனால், அதை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு பிழையைப் பற்றி.

என் தகப்பனார் தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த சிலரில் ஒருவர். ஊரிலிருந்து வரும் நீலநிற ஆகாயக் கடிதங்களைத் தோட்ட ஆபீசில் கிராணி பெயர் சொல்லிக் கொடுப்பார். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஆட்கள் நேரே எங்கள் வாசலுக்கு வருவார்கள். அப்பா ஒவ்வொருவரையும் தனித்தனியே திண்ணையோரம் அழைத்துப்போய் மெதுவான குரலில் படித்துக் காட்டுவார். யார் வீட்டில் கடன், யார் தங்கைக்குக் கல்யாணம் நின்றுபோனது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை என் தாயாரிடம்கூடச் சொன்னதில்லை. "படிச்சது நான், கடுதாசி அவனுது" என்பார்.

இத்தனைக்கும் லயத்து வாழ்க்கையில் ஒளிவுமறைவு கிடையாது. பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்பது வாசனையிலேயே தெரியும். இரவில் ஒரு பிள்ளை இருமினால் நாலு வீடு விழித்துக்கொள்ளும். அந்தத் திறந்த வாழ்க்கைதான் நம்மைக் காப்பாற்றியது என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அங்கே நம்மை அறிந்தவர்களை நாமும் அறிந்திருந்தோம்.

இனி என் பிழைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆலயக் குழுவில் செயலாளராக இருந்தேன். உதவிநிதிக்கு விண்ணப்பித்த மாணவர்களின் பட்டியல் தயாரானது. மாணவர் பெயர், பெற்றோர் பெயர், இருவருடைய ஐ.சி. எண், தொலைபேசி எண், குடும்ப வருமானம், தகப்பன் இல்லாத பிள்ளை என்றால் அதுவும். பிழை இருந்தால் திருத்தட்டுமே என்ற நல்லெண்ணத்தில் அதைப் படம் பிடித்து ஆலய வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். குழுவில் இருநூறு பேருக்கு மேல். பாதிப் பேர் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பிள்ளைகள். அவர்கள் யாருக்கு அனுப்பினார்களோ, எனக்குத் தெரியாது.

ஐந்தாறு வாரம் கழிந்தது. பட்டியலில் இருந்த ஒரு தாயாருக்கு அழைப்பு வந்தது. கணவரை இழந்தவர், தேயிலை ஆலையில் வேலை. முதலில் மலாயில் ஒருவன், பிறகு 'மேலதிகாரி' என்று தமிழில் ஒருவன். உங்கள் ஐ.சி.யைப் பயன்படுத்தி யாரோ கடன் வாங்கியிருக்கிறார்கள், வழக்கு இருக்கிறது, வங்கிப் பணம் முடக்கப்படும், அதற்குமுன் 'பாதுகாப்புக் கணக்குக்கு' மாற்றிவிடுங்கள் என்றான். விசாரணை முடியும்வரை யாரிடமும் வாய் திறக்கக்கூடாது, சொன்னால் அவர்களையும் கைது செய்வோம் என்றான்.

பக்கத்து வீட்டில் உப்பு வாங்கப் போனாலே அரை மணி நேரம் பேசிவிட்டு வரும் அந்த அம்மா, மூன்று நாள் ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுத்த வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிளில் தானா ராத்தாவுக்கு இரண்டு முறை போய், பணம் போடும் இயந்திரத்தில் போட்டார். பையன் கேட்டதற்குக் கோயில் காரியம் என்று சொல்லியிருக்கிறார். கணவரின் சேமநிதியில் மிச்சமிருந்த 11,000 வெள்ளியும் போயிற்று.

பிறகு என்னிடம் வந்து அழுதார். "சார், அவன் என் நம்பர் பன்னிரண்டையும் சரியா சொன்னான் சார். பொண்ணு பேரு சொன்னான். போலீஸ் இல்லாம வேற யாருக்கு சார் அது தெரியும்?"

எனக்குத் தெரியும், யாருக்கெல்லாம் தெரியும் என்று. என் பட்டியலிலிருந்துதான் போனது என்று நிரூபிக்க முடியாது. 2017-இல் நம் நாட்டுக் கைத்தொலைபேசிச் சந்தாதாரர்களின் விவரங்கள், 4 கோடியே 62 இலட்சம் எண்கள், திருட்டுப்போனதாகச் செய்தி வந்தது. நாட்டின் மக்கள் தொகையே அப்போது சுமார் 3 கோடியே 20 இலட்சம். ஆகவே அங்கிருந்தும் போயிருக்கலாம். இந்தச் சமாதானத்தை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். தூக்கம் வரவில்லை.

அந்தப் பன்னிரண்டு எண்களைக் கொஞ்சம் பாருங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பகாங்கில் பிறந்தவருக்கு 06. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படத்தைத் தேதியோடு முகநூலில் போட்டு, எந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தான் என்றும் எழுதினால், பன்னிரண்டில் எட்டை நாமே கொடுத்தாயிற்று. 2024 ஜனவரியில் அரசாங்கம் பாடு தரவுத்தளத்தைத் திறந்தபோது, ஐ.சி. எண்ணும் அஞ்சல் குறியீடும் இருந்தால் ஒருவருடைய கடவுச்சொல்லையே மாற்றிவிடலாம் என்று முன்னாள் துணையமைச்சர் ஒருவர் சுட்டிக்காட்டினார். பிறகு அது சரிசெய்யப்பட்டது. அஞ்சல் குறியீடு என்ன பெரிய இரகசியமா? ரிங்லெட் முழுவதற்கும் 39200.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அது வணிகக் கொடுக்கல் வாங்கலுக்கு உரியது. மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது. நம்மைப் போன்ற ஆலயக் குழுவின் செயலாளர் கையில் தொலைபேசியோடு உட்கார்ந்திருக்கையில் எந்தச் சட்டம் வந்து கையைப் பிடிக்கும்?

அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்கிறீர்கள். காவல்துறையோ பேங்க் நெகாராவோ தொலைபேசியில் விசாரித்துப் பணத்தை மாற்றச் சொல்லாது. 'பாதுகாப்புக் கணக்கு' என்று ஒன்று கிடையாது. யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் சொன்னால் உடனே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் 997-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையம் அது. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால்தான் எங்காவது தடுத்து நிறுத்த வழியுண்டு. அந்த அம்மா நாலாவது நாள்தான் சொன்னார். அதற்குள் எல்லாம் எடுக்கப்பட்டுவிட்டது.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பணம் போய் விழுந்த கணக்கும் யாரோ ஒரு சாதாரண ஆளுடையதாகத்தான் இருக்கும். சில நூறு வெள்ளிக்கு ஏ.டி.எம். கார்டை வாடகைக்கு விடும் பிள்ளைகள் நம்மிலும் இருக்கிறார்கள். மலாயில் அதைக் கழுதைக் கணக்கு என்றே சொல்கிறார்கள். அகப்படுவது கழுதைதான்.

நன்கொடையாளர்கள் பொறுத்தருள வேண்டும். பழைய ஆண்டு மலர்களில் உங்கள் பெயரோடு வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் அச்சாகியிருக்கும். இனி பெயரும் தொகையும் மட்டுமே வரும். பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு 'அன்பர் ஒருவர்' என்று வரும். உதவிநிதிப் பாரங்கள் அலுவலக இரும்பு அலமாரியில் இருக்கின்றன. சாவி இருவரிடம் மட்டும். தேர்வு முடிந்தபின் ஐ.சி. நகல்களைக் கிழித்துவிடுகிறோம். பட்டியலைக் குழுவில் போடுவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே போன் செய்து சொல்கிறோம். இரண்டு நாள் வேலை கூடுகிறது, உண்மைதான். சென்ற ஆண்டு நானே செய்தேன்.

அந்த அம்மாவின் மகள் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். இன்று மேடைக்கு அழைக்கப்படுபவர்களின் தாளில் அவள் பெயரும் இருக்கிறது. பெயர் மட்டும்.