தஃப்தரில் உள்ள பெயரைப் படிவத்தில் மறைக்கலாமா?

(விக்கிரமசிங்கபுரத்தில் நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

சென்ற மாதம் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். பொறியியல் படித்தவர், நல்ல ஒழுக்கமுடையவர். நிக்காஹ் முடிந்து மூன்று மாதங்கள்தாம் ஆகியிருந்தன. திறன்மிகு தொழிலாளர் என்னும் முறையில் கனடா நாட்டில் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு விண்ணப்பிக்க விரும்பினார். நம் பிள்ளைகள் ‘பி.ஆர்.’ என்று சொல்கிறார்களே, அதுதான். அவருக்கு உதவ முன்வந்த முகவர் ஒருவர், “நிக்காஹ் ஜமாஅத் தஃப்தரில் மட்டும்தானே இருக்கிறது? அரசுப் பதிவு இல்லையே! திருமணமாகாதவர் என்று எழுதிவிடுங்கள், புள்ளிகள் கூடும். போய்ச் சேர்ந்த பிறகு மனைவியை அழைத்துக்கொள்ளலாம்” என்று கூறியிருக்கிறார். “ஹஜ்ரத், இது கூடுமா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குத்தான் இன்றைய ஜும்ஆ.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிழைப்புத் தேடி வெளிநாடு செல்வதை மார்க்கம் தடுக்கவில்லை. அல்லாஹ்வின் பூமி விசாலமானது என்பது குர்ஆன் கற்றுத்தரும் பாடம். நம் ஊரையே பாருங்கள்! 1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணி நீரின் விசையை நம்பிப் பாபநாசத்தில் நூற்பாலை தொடங்கினார்கள். அந்த ஆலைக்கு வேலை தேடி வந்து குடியேறியவர்களால் வளர்ந்த ஊர் இது. பின்னர் அரபு நாடுகளுக்குச் சென்றவர்கள் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, விடுப்பில் மட்டும் வந்து முகம் பார்த்துத் திரும்பினார்கள். துணைவியையும் உடன் அழைத்துக்கொண்டு குடியேற ஒரு வழி திறந்திருக்கிறது என்றால், அது ஒரு நிஃமத்தே. ஆனால் அந்த நிஃமத்தின் வாசலிலேயே துணைவியை மறுத்துவிட்டு உள்ளே நுழையலாமா?

அந்த நாட்டின் முறையையும் அறிந்துகொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டு முதல் கனடாவில் விண்ணப்பதாரர்களைப் புள்ளியிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். வயது, கல்வி, மொழித்திறன், அந்நாட்டு வேலை அனுபவம் ஆகியவற்றிற்குத் தனியாகச் செல்பவர் 500 புள்ளிகள் வரை பெறலாம். துணைவியோடு செல்பவருக்கு அந்த வரம்பு 460. மீதி 40ஐத் துணைவி ஈட்டித் தரவேண்டும். அவருடைய கல்விக்கு 10, மொழித் தேர்வுக்கு 20, கனடா நாட்டு அனுபவத்திற்கு 10. ஆஸ்திரேலியாவிலும் 2019 நவம்பர் முதல் மணமாகாதவருக்கு 10 புள்ளிகள். உரிய தொழில் தகுதியும் ஆங்கிலமும் உள்ள துணைவி இருந்தாலும் 10 புள்ளிகள். ஆங்கிலத் தேர்ச்சி மட்டும் உள்ள துணைவி என்றால் 5 புள்ளிகள். துணைவிக்கு இவை எதுவும் இல்லையென்றால் ஒன்றுமில்லை. இங்கேதான் ஷைத்தான் நுழைகிறான். மனைவி என்பவள் மதிப்பெண்ணைக் குறைக்கும் சுமை என்று காதில் ஓதுகிறான்.

சகோதரர்களே! நிக்காஹ் என்பது இரகசிய உடன்படிக்கை அன்று. வலி முன்னிலையில், சாட்சிகள் கேட்க, மஹர் குறித்து, ஊரறிய நடப்பது அது. அதை அறிவிக்குமாறே நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பள்ளிவாசலில் நூறு பேர் முன்னிலையில் ‘கபூல்’ என்று சொன்ன அதே நாவும் கையும் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதினால், அது வெறும் எழுத்துப் பிழையா? விண்ணப்பத்தின் அடியில் நாம் இடும் கையொப்பம் ஒரு சாட்சியம். நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு ‘அந்நிஸா’ அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்று ‘அல்பகரா’வின் 283ஆம் வசனம் எச்சரிக்கிறது.

“அவர்கள் அந்நிய நாட்டார்தாமே?” என்று சிலர் கேட்கலாம். ஹிஜ்ரத்தின் இரவை நினைத்துப் பாருங்கள்! தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகள் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள் நபி (ஸல்) அவர்கள். எதிரிகளிடத்தும் நாணயம் காத்த பயணம் அது. நம்மை வரவேற்க முன்வரும் நாட்டினிடம் பொய்யுரைக்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

“இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் துணைவியைச் சகோதரி என்று சொல்லவில்லையா?” என்று வேறு சிலர் வினவலாம். உயிரும் மானமும் பறிபோகும் நிலையில், ஒரு கொடுங்கோலனின் முன்னால், மார்க்கத்தில் சகோதரி என்னும் கருத்தில் சொல்லப்பட்ட சொல் அது. அது மனைவியைக் காப்பதற்காக. நீங்கள் மறைப்பதோ மனைவியை இழக்கவைக்கும்.

ஆம், இழக்கவைக்கும்! கனடா நாட்டுச் சட்டப்படி, விண்ணப்பத்தில் அறிவிக்காமலும் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாமலும் விட்ட துணைவியைப் பின்னாளில் குடும்பப் பிரிவில் அழைத்துக்கொள்ளும் வழி பொதுவாக அடைபட்டுப்போகிறது. பொய்த் தகவல் வெளிப்பட்டால் 5 ஆண்டுகள் அந்நாட்டில் நுழையத் தடை. ஆஸ்திரேலியாவில் பொய்த் தகவலுக்கும் போலி ஆவணத்திற்கும் 3 ஆண்டுகள் விசா மறுக்கப்படலாம். முகவர் தம் கட்டணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கணவன் கடலுக்கு அப்பால் இருப்பான். இந்த ஊரில், மணமானவள் என்று எல்லோரும் அறிந்த ஒரு பெண், படிவத்தில் இல்லாதவளாகக் காத்திருப்பாள். அந்தக் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது?

ஹிஜ்ரத்தில் கணவரைப் பிரிந்த உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வரலாறு உங்களுக்குத் தெரியும். கணவரோடு புறப்பட்டவரை அவருடைய குலத்தார் தடுத்து நிறுத்தினர். பிள்ளையைக் கணவரின் குலத்தார் பறித்துக்கொண்டனர். ஏறத்தாழ ஓராண்டு நாள்தோறும் வெளியே சென்று அமர்ந்து அழுதார்கள். பின்னர் குழந்தை திரும்பக் கிடைத்து, தனியே பயணம் புறப்பட்டவரை, அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத உஸ்மான் பின் தல்ஹா கண்ணியத்தோடு குபா வரை கொண்டுவந்து சேர்த்தார். அன்று அவரைப் பிரித்தவர்கள் எதிரிகள். இன்று கணவனே தன் கையெழுத்தால் பிரிப்பதா?

அதே உம்மு ஸலமா (ரலி) அவர்கள் பின்னர் நபியவர்களின் துணைவியானார்கள். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனம் கலங்கி நின்றபோது, நபி (ஸல்) அவர்கள் ஏற்றுச் செயல்பட்டது அவர்களின் ஆலோசனையைத்தான். ஆகவே, “நான் முடிவு செய்துவிட்டேன், நீ கையொப்பமிடு” என்று மனைவியிடம் சொல்லாதீர்கள். மஷ்வரா செய்யுங்கள்! அவள் போக விரும்புகிறாளா, அங்கே படிக்கவோ பணியாற்றவோ நாடுகிறாளா, இரு வீட்டுப் பெற்றோரையும் யார் கவனிப்பது என்பவற்றை விண்ணப்பத்திற்கு முன்பே பேசி முடியுங்கள்.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். 90 நாட்களுக்குள் பதிந்துவிடுங்கள். தஃப்தர் நம் சாட்சி; அரசுப் பதிவு உலகம் ஏற்கும் சாட்சி. மனைவியின் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். அவளை மொழித் தேர்வுக்குப் படிக்கவையுங்கள். அடுப்படியில் மறைந்துபோன அவளுடைய பட்டம் உங்கள் இருவருக்கும் புள்ளியாகும். முதலில் நீங்கள் மட்டும் செல்வது உண்மையான ஏற்பாடு என்றால், உடன் வராத துணைவி என்று அவள் பெயரை எழுத இடமுண்டு. அப்போதும் மருத்துவப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். பார்க்காத வேலைக்கு அனுபவச் சான்று வாங்காதீர்கள்.

அந்த இளைஞர் என்ன செய்தார் என்கிறீர்களா? மனைவியோடு அமர்ந்து பேசினார். திருமணத்தைப் பதிந்தார். இப்போது அந்தப் பெண் ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். அவர்களுக்கு அழைப்பு வருமா என்பதை அல்லாஹ்வே அறிவான். வராவிட்டாலும் அவர்கள் தோற்கவில்லை. தன்னை அஞ்சுவோருக்கு வழியை ஏற்படுத்தி, எண்ணிப் பாராத புறத்திலிருந்து உணவளிப்பதாக ‘அத்தலாக்’ அத்தியாயத்தில் அல்லாஹ் வாக்களித்துள்ளான். அந்த வாக்கு நம் ஊரிலும் செல்லும்; கடல் கடந்தும் செல்லும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் பயணங்களை ஹலாலானவையாக ஆக்குவாயாக! எங்கள் கையொப்பங்களை உண்மையின் சாட்சிகளாக ஆக்குவாயாக! கணவன் மனைவியரைப் பிரிவின் துயரிலிருந்து காப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!