கல்லூரிக் கட்டுரையும் பெற்றோர் கடமையும்

(குவீன்ஸ்டவுன் நூலகத்தைக் காண வந்திருந்த ரப்பர்த் தோட்டப் பெற்றோர், மாணவர் முன்னிலையில் நிகழ்த்திய உரை)



இன்று காலை குவீன்ஸ்டவுன் நூலகத்தை நாம் எல்லோரும் சுற்றிப் பார்த்தோம். மார்கரெட் டிரைவ் சாலையிலுள்ள அந்நூலகத்தை 1970ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அந்நாளைய பிரதமர் லீ குவான் யூ அவர்கள் திறந்து வைத்தார்கள். சிங்கப்பூரில் முழுநேரமும் இயங்கிய முதற்கிளை நூலகம் அதுவே. குவீன்ஸ்டவுனும் சிங்கப்பூரின் முதல் துணைநகரமாகும். 1953இல் முடிசூடிய இரண்டாம் எலிசபெத் அரசியாரின் நினைவாக அதற்கு அப்பெயர் இடப்பட்டது. இங்கு அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே ஒரு நூலகம் கிடைத்தது. இந்நகர எல்லைக்குள்ளேயே கெண்ட் ரிட்ஜ் குன்றின்மீது சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் அமைந்துள்ளது. நூலகத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை செல்லும் வழி இங்கே குறுகிய வழிதான். ஆனால், அவ்வழியில் பலரையும் இடறிவிடும் கல் ஒன்று உண்டு. அதுதான் கட்டுரை.

ஆசிரியப் பயிற்சி பெற்று வகுப்பறையில் நின்ற நாளிலும், தகவல் இலாகா அலுவலராகத் தோட்டந்தோறும் சென்றுவரும் இந்நாளிலும் நாம் கண்டறிந்தது ஒன்றுண்டு. பள்ளியில் நல்ல புள்ளிகள் பெற்ற தோட்டத்துப் பிள்ளைகளுள் சிலர், கல்லூரியின் முதற் பருவத்திலேயே சோர்ந்து விடுகின்றனர். எழுதிக் கொடுத்த கட்டுரை குறைந்த புள்ளியோடு திரும்பி வருகிறது. "இதில் உமது கருத்து எங்கே?" என்று விரிவுரையாளர் ஓரத்தில் எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு ஒன்றும் விளங்குவதில்லை. விடுமுறைக்கு வீடு திரும்பி, "படிப்பு நமக்கு ஒத்து வரவில்லை" என்கிறது. பெற்றோர் அதனைச் சோம்பல் என்றோ, அறிவுக் குறை என்றோ எண்ணி வருந்துகின்றனர். உண்மை அதுவன்று. என்ன கேட்கப்படுகிறது என்பதை அப்பிள்ளைக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. தாய்தந்தையர் கல்லூரி கண்ட இல்லத்தில் இதனைச் சாப்பாட்டு வேளையிலேயே சொல்லிவிடுவர். குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு அவ்வாய்ப்பில்லை. அக்குறையை இயன்றவரை போக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

பள்ளிக் கட்டுரையும் கல்லூரிக் கட்டுரையும்

பள்ளியில் கற்றதை நினைவில் நிறுத்தித் தெளிவாகத் திருப்பிச் சொல்வது பெரும்பாலும் போதுமானது. மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்து வெற்றி பெற்றவரும் உளர். கல்லூரியோ ஒரு வினாவை முன்வைத்து, அதற்கு நீ ஆராய்ந்து கண்ட விடை யாது, அவ்விடைக்குச் சான்று யாது என்று கேட்கிறது. படித்ததையெல்லாம் கொட்டி நிரப்புவது விடையாகாது.

ஆகவே மாணவர் முதற்கண் செய்ய வேண்டியது, வினாவைப் பலமுறை படித்தலாகும். 'விவரிக்க' என்றால் உள்ளதை உள்ளவாறு கூறினால் போதும். 'ஒப்பிடுக' என்றால் இரண்டின் ஒற்றுமையையும் வேற்றுமையையும் பக்கத்தில் வைத்துக் காட்டல் வேண்டும். 'மதிப்பிடுக' என்றால் நிறைகுறைகளை எடைபோட்டு ஒரு முடிவுக்கு வருதல் வேண்டும். முடிவு சொல்லாத மதிப்பீடு, நிறுத்துவிட்டு எடையைச் சொல்லாமல் போவதற்கு ஒப்பாகும்.

துறைக்கொரு சான்று

எல்லாத் துறைகளிலும் வினா, விடை, சான்று என்னும் மூன்றும் உண்டு. ஆனால் எது சான்றாகும் என்பது துறைக்குத் துறை வேறுபடும். நீங்கள் நன்கறிந்த பால்மரத்தையே எடுத்துக்கொண்டு இதனைப் பார்ப்போம்.

அறிவியல் மாணவர்க்கு, 'மரம் சீவும் நேரத்திற்கும் பாலின் அளவிற்கும் உள்ள தொடர்பை ஆராய்க' என்று ஒரு பணி தரப்படலாம். விடியுமுன் சீவினால் பால் மிகுதியாக வரும் என்பது உங்கள் கைகள் அறிந்த செய்தி. இரவில் இலைகளின் வழியே நீர் வெளியேறுவது குறைவு. ஆதலால் பட்டையிலுள்ள பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற நீர் ஆவியாகி அவ்வழுத்தம் தணியும், பாலும் குறையும். இக்காரணத்தை எழுதினால் மட்டும் அறிவியல் கட்டுரை நிறைவு பெறாது. ஒரே இனமும் ஒரே வயதுமுள்ள மரங்கள் எத்தனை எடுக்கப்பட்டன, எந்தெந்த நேரத்தில் சீவப்பட்டன, எத்தனை நாள் அளக்கப்பட்டன, மழை பெய்த நாளை என்ன செய்தோம் என்பனவற்றை வேறொருவர் அப்படியே திரும்பச் செய்து பார்க்கத்தக்க முறையில் எழுதல் வேண்டும். அங்கே அலங்காரச் சொற்களுக்கு இடமில்லை. அளவுகளே பேச வேண்டும்.

வரலாற்று மாணவர்க்கு, 'மலாயாவில் ரப்பர்த் தொழில் வளர்ந்தமைக்கு ரிட்லி எந்த அளவிற்குக் காரணம்?' என்னும் வினா வரலாம். 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1888இல் அப்பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்திற்கு ஊறு நேராவண்ணம் பட்டையை மெல்லிதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து வகுத்தார். ரப்பர் பயிரிடுமாறு தோட்ட முதலாளிகளை ஓயாமல் வற்புறுத்தினார். இவை உண்மைகளே. எனினும், ரிட்லியின் கதையை மட்டும் நான்கு பக்கம் எழுதிய மாணவர் வினாவிற்கு விடை தந்தவராகார். 'எந்த அளவிற்கு' என்னும் சொல்லில்தான் வினாவின் உயிர் உள்ளது. 1896இல் மலாக்காவில் வணிக நோக்கோடு ரப்பர் பயிரிட்ட டான் சே யான், விலை வீழ்ந்த காப்பித் தோட்டங்கள், மோட்டார் வண்டிகளின் பெருக்கத்தால் எழுந்த டயர்த் தேவை, கடல் கடந்து வந்து காடழித்து மரம் நட்ட தமிழ்த் தொழிலாளர் ஆகிய காரணங்களையும் அருகருகே வைத்து நிறுத்துப் பார்த்தல் வேண்டும். உங்கள் பாட்டனாரும் அவ்வரலாற்றில் ஒரு காரணமே என்பதைப் பிள்ளைகள் அறிந்து எழுதட்டும்.

பொருளியல் மாணவரிடம், ரப்பர் விலை ஏன் ஏறியிறங்குகிறது என்று கேட்கப்படலாம். விலை உயர்ந்தவுடன் மரம் நட்டாலும், அது பால் தரச் சுமார் 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். அதற்குள் விலை மாறிவிடக்கூடும். 1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபின், இயற்கை ரப்பர் கிடைக்காத அமெரிக்கா செயற்கை ரப்பர் உற்பத்தியைப் பெருக்கியது. அதுமுதல் பால்மரத்திற்கு ஒரு போட்டியாளர் தோன்றிவிட்டார். இத்தகைய கட்டுரையில் 'விலை மிகவும் குறைந்தது' என்று எழுதினால் போதாது. எந்த ஆண்டு, எவ்வளவு, எந்த அறிக்கையின்படி என்பவற்றைக் காட்டல் வேண்டும்.

திறனாய்வு என்பது யாது?

இலக்கிய மாணவர்க்குத் திறனாய்வுக் கட்டுரை பெரிய அச்சமாக இருக்கிறது. பிற துறைகளிலும் ஒரு நூலையோ ஆய்வுரையையோ மதிப்பிடச் சொல்வதுண்டு. திறனாய்வு என்பது குறை கூறுதலன்று; புகழ்பாடுதலும் அன்று. கதைச் சுருக்கம் எழுதுவதும் திறனாய்வாகாது. நூலாசிரியர் எதைச் சொல்ல முற்பட்டார், எப்படிச் சொன்னார், எதில் வெற்றி கண்டார், எதில் தவறினார் என்று நான்கையும் காரணத்தோடு கூறுதலே திறனாய்வு.

தமிழ்நாட்டு எழுத்தாளர் அகிலன், மலேசியத் தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்டு 'பால்மரக் காட்டினிலே' என்னும் நாவலை எழுதினார். அதனைத் திறனாயும் தோட்டத்து மாணவர்க்கு மற்றவர்க்கு இல்லாத ஒரு வலிமை உண்டு. லயத்து வாழ்வும் பெரட்டும் அவர் கண்டு வளர்ந்தவை. வெளியிலிருந்து வந்த ஓர் எழுத்தாளர் அவ்வாழ்வை எந்த அளவிற்கு உணர்ந்து எழுதியிருக்கிறார் என்று அவரால் ஆராய இயலும். ஆயினும், 'எங்கள் தோட்டத்தில் இப்படி இல்லை' என்று எழுதி நிறுத்திவிடலாகாது. நாவலின் எந்த இடம், எந்தப் பாத்திரம், எந்த உரையாடல் என்று சுட்டிக்காட்டி, அதனோடு தம் பட்டறிவைப் பொருத்திக் காட்டும்போதுதான் அது திறனாய்வாகிறது.

இம்முறை நமக்குப் புதியதும் அன்று. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், தம் கருத்தோடு மாறுபட்டவரின் கருத்தையும் எடுத்துச் சொல்லி, அதனைத் தாம் ஏன் ஏற்கவில்லை என்பதற்குக் காரணம் கூறிச் செல்வதைப் பல இடங்களில் காணலாம். பவணந்தி முனிவரின் நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைத் தொகுத்துரைக்கிறது. வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்லுதல், மிகுத்துச் சொல்லுதல், சொன்னதையே மறுபடி சொல்லுதல், முன்பின் முரண்படச் சொல்லுதல் முதலியன அவற்றுள் அடங்கும். இன்றைய விரிவுரையாளர் கட்டுரையின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதும் குறிப்புகளும் பெரும்பாலும் இவையே.

தண்ணீர் கலந்த பால்

இனி ஒரு கடுமையான செய்தியைச் சொல்லியாக வேண்டும். பிறர் எழுதியதைத் தம்முடையதுபோல் எழுதிக் கொடுப்பது கல்லூரியில் பெருங்குற்றமாகும். அதனால் கட்டுரைக்குப் புள்ளி கிடைக்காமல் போகலாம். படிப்பே தடைப்படவும் கூடும். வினாவைக் கொடுத்தவுடன் முழுக் கட்டுரையையும் எழுதித் தரும் கணினிச் செயலிகள் இக்காலத்தில் வந்துவிட்டன. அவற்றைப் பயன்படுத்துவது பற்றி ஒவ்வொரு கல்லூரியும் விதி வகுத்துள்ளதா என்று மாணவர் முதலிலேயே கேட்டறிதல் நலம். ஒருவருடைய கருத்தை எடுத்தாள்வதில் தவறில்லை. அது யாருடைய கருத்து, எந்நூலில் உள்ளது என்று குறிப்பிடுதலே நேர்மை.

பாலில் தண்ணீர் கலந்தால் வாளி நிறையும். ஆனால் பால் நிறுக்குமிடத்தில் ரப்பர்ச் சத்தை அளந்து பார்க்கும்போது உண்மை வெளிப்பட்டுவிடும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தை நிரப்புவதற்காக எழுதிய கட்டுரையும் அத்தகையதே. இரவல் கட்டுரையால் விளையும் பெரிய இழப்பு தண்டனை அன்று. ஆராய்ந்து முடிவு காணும் பழக்கம் அப்பிள்ளைக்கு வாய்க்காமற் போவதே பெரிய இழப்பு.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம். அந்நாளில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பட்டது. அத்துறையில் தமிழ் இடம்பெறப் போராடியவர், தமிழ் முரசு நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி அவர்கள். அத்துறையின் நூலகத்திற்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியையும் அவர் திரட்டினார். உழைத்து வாழும் எளிய மக்கள் சிறுசிறு தொகைகளாக வழங்கினர். அத்துறை 1959இல் கோலாலம்பூருக்கு மாறிச் சென்றது. கல்லூரி வாயிலைக் காணாதவர்கள், தம் பேரப்பிள்ளைகள் படிப்பதற்காகப் புத்தகம் வாங்கித் தந்தார்கள். அப்புத்தகங்களைத் திறந்து பாராமல் இரவல் கட்டுரை கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் நன்றியாகுமா என்பதை மாணவச் செல்வங்களே எண்ணிப் பாருங்கள்.

பெற்றோர் செய்யத்தக்கவை

"நாங்கள் படிக்காதவர்கள், கல்லூரிக் கட்டுரையில் நாங்கள் என்ன உதவி செய்ய இயலும்?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. பெரிய உதவி செய்ய இயலும். பிள்ளை கட்டுரை எழுதத் தொடங்குமுன், அருகில் அமர்த்தி நான்கு கேள்விகளைக் கேளுங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையாயின் தொலைபேசியில் கேளுங்கள்.

முதலாவது: "உன்னிடம் கேட்டிருக்கும் கேள்வி என்னப்பா?" இரண்டாவது: "அதற்கு நீ சொல்லப்போகும் பதில் என்ன?" மூன்றாவது: "அது சரியென்று எதைக்கொண்டு சொல்கிறாய்?" நான்காவது: "அப்படியில்லை என்று ஒருவர் மறுத்தால் என்ன சொல்வாய்?"

இந்நான்கிற்கும் உங்களுக்கு விளங்கும் எளிய தமிழில் பிள்ளை விடை கூறிவிட்டால், கட்டுரையின் பாதி முடிந்தது என்று கொள்ளலாம். ஏதேனும் ஒன்றில் தடுமாறினால், அவ்விடத்தில் இன்னும் படிக்க வேண்டியுள்ளது என்று பொருள். அப்போது கடிந்து கொள்ளாதீர்கள். "போய்ப் படித்துவிட்டு வந்து சொல்" என்று அன்போடு அனுப்புங்கள். குறைந்த புள்ளியோடு கட்டுரை திரும்பி வந்தாலும், விரிவுரையாளரை நேரிற் கண்டு எங்கே தவறியது என்று கேட்டுவருமாறு தூண்டுங்கள். கேட்பது இழிவன்று. கேளாமல் படிப்பை விட்டுவிடுவதே இழப்பு.

மாணவர்களும் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். கட்டுரையைக் கடைசி இரவில் எழுதாதீர்கள். ஒரு வாரம் முன்னதாக முதல் வரைவை எழுதி, ஒரு நாள் வைத்திருந்து, பின் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு இடறும் இடத்தில் கருத்தும் இடறியிருக்கும். அதனைத் திருத்துங்கள்.

மரம் சீவுவதும் எவருக்கும் முதல் நாளிலேயே வந்துவிடுவதில்லை. ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. அளவறிந்து சீவக் கை பழக வேண்டும். கட்டுரை எழுதுவதும் அத்தகையதொரு கைப்பழக்கமே. அப்பழக்கம் வரும்வரை பிள்ளைகளைக் கைவிடாமல் இருப்பது பெற்றோர் கடமை. முயற்சியைக் கைவிடாமல் இருப்பது பிள்ளைகள் கடமை. இரண்டும் கூடுமாயின், தோட்டத்திலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் அனைவரும் பட்டத்தோடு திரும்புவர் என்னும் நம்பிக்கை நமக்குண்டு.