பெல் தெருவில் ஒரு நாடகக் கம்பெனி



1970 ஜனவரியில் நியூயார்க் நகரத்தில் எஸ்தர் எங் என்ற பெண்மணி காலமானார். வயது 55. நியூயார்க் டைம்ஸ் அவருக்கு இரங்கல் குறிப்பு வெளியிட்டது. தலைப்பில் என்ன போட்டார்கள் தெரியுமா? உணவகங்கள் நடத்தியவர் என்று! ஹாலிவுட்டில் படம் எடுத்தவர், ஹாங்காங்கில் படம் எடுத்தவர், ஹவாயிலும் எடுத்தவர். பெண் இயக்குநர்களை விரல்விட்டு எண்ணிய காலத்தில் காமிராவுக்குப் பின்னால் நின்றவர். அவரைச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஆக்கிவிட்டார்களே என்று சினிமா அன்பர்கள் இன்றும் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

எஸ்தர் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், 1914இல். அவருக்குப் பத்து வயதாகும்போது அந்த ஊர்ச் சீனர் பகுதியில், கிராண்ட் அவென்யூவில், மாண்டரின் தியேட்டர் திறந்தது. கான்டனீஸ் இசை நாடகத்துக்கென்றே கட்டிய அரங்கம். சாயங்காலம் தொடங்கினால் நள்ளிரவு வரை ஆட்டம். சேனாதிபதி வேடக்காரர் முதுகில் நான்கு கொடி, தலையில் நீண்ட இரண்டு இறகு, அவர் ஒரு காலைத் தூக்கி வைத்தால் தாளம் அதிரும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? சலவைக்கடையில் பகலெல்லாம் இஸ்திரி போட்ட கைகள், சமையற்கட்டில் வெந்த கைகள். மனைவி மக்களை ஊரில் விட்டு வந்த ஆண்கள் அவர்களில் ஏராளம். அவர்கள் ஊர்ப்பேச்சு மேடையில் ஒலித்த இடம் அது. அந்தத் தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் வேலை பார்த்தபடியே நாடகத்தைக் கற்றுக்கொண்டவர் நம் எஸ்தர்.

நடிகர்களின் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். 1882இல் அமெரிக்கா சட்டம் போட்டுச் சீனத் தொழிலாளிக்குக் கதவைச் சாத்தியது. 1943 வரை அந்தச் சட்டம் இருந்தது. நடிகர் வரவேண்டுமானால் தியேட்டர்காரர் ஜாமீன் பணம் கட்ட வேண்டும். கெடு முடிந்தால் கப்பல் ஏற வேண்டும். மேடையில் ராஜா, துறைமுகத்தில் கைதி மாதிரி விசாரணை! வியாபாரி என்று நிரூபித்தவருக்கு மட்டும் வழி கொஞ்சம் திறந்திருந்தது. 1915இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக முதலாளியையும் வியாபாரிகள் கணக்கில் சேர்த்தது. அமெரிக்கச் சீனர் ஏன் இத்தனை உணவகம் வைத்தார்கள் என்று கேட்பவர்கள் அந்தத் தீர்ப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எஸ்தரின் முதல் படம் 1930களின் நடுவில் வந்தது. கதாநாயகி வை கிம்-ஃபோங், நாடக மேடையிலிருந்து வந்தவர். அதன்பின் ஹாங்காங்கில் சில ஆண்டுகள். அங்கே 36 நடிகைகளை வைத்து, ஆண்களே நடிக்காத ஒரு படம் எடுத்தார். தலைமுடியைக் கத்தரித்து, கோட்டு சூட்டு போட்டு நடந்தார், பெண்களைக் காதலித்தார், எதையும் ஒளிக்கவில்லை. உடன் வேலை செய்தவர்கள் அவரை அண்ணன் என்றே கூப்பிட்டார்கள்.

பிறகு 'கோல்டன் கேட் கேர்ள்', 1941. அதில் பெண் குழந்தையாக வரும் கைக்குழந்தை யார்? புரூஸ் லீ! அவர் அப்பா லீ ஹோய்-சுவென் கான்டனீஸ் நாடகத்தில் கோமாளி வேடத்துக்குப் பெயர்பெற்றவர். அமெரிக்காவில் ஆட வந்திருந்தபோது பிறந்த பிள்ளை அது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1949இல் சீனாவில் ஆட்சி மாறியது. நியூயார்க்கில் ஒரு கான்டனீஸ் நாடகக் குழு ஊர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. அந்த மனிதர்களுக்குத் தெரிந்த தொழில் பாட்டும் வேடமும்தான். வெளியூரில் அதற்கு யார் கூலி கொடுப்பார்கள்? எஸ்தரும், போ போ என்ற நாடக நடிகரும் கூட்டுச் சேர்ந்து 1950இல் பெல் தெருவில் ஒரு உணவகம் திறந்தார்கள். பெயர் போ போ. அந்த நடிகர்களுக்குப் பிழைக்க வழி வேண்டும் என்பதற்காகவே திறந்த கடை! மேடையில் வாள் வீசிய கை தட்டு ஏந்தியது. கடை நன்றாக ஓடியது. சீனர் அல்லாதவர்களும் தேடி வந்தார்கள். பிறகு எஸ்தர் தன் பெயரிலேயே இன்னொரு உணவகமும் வைத்தார்.

சொல்லுங்கள், இது கலையைக் கைவிட்ட கதையா? நாடகக் கம்பெனி என்றால் பாட்டும் திரைச்சீலையும் மட்டுமா? இத்தனை வயிறுகளுக்கு நாளை சோறு எங்கே என்று ராத்திரி கணக்குப் பார்ப்பவர் இல்லாமல் எந்தக் கம்பெனி நின்றது? அந்தக் கணக்கைப் பார்த்தவரை நாடக வரலாற்றில் எழுதாமல் விடுவது அநியாயம். போ போவைப் பாருங்கள்: நடிகர், கடைப் பங்காளி, அதற்கு மேல் அவர் வாழ்க்கையை விரிவாக எழுதி வைக்க யாரும் மெனக்கெடவில்லை. எனக்கு ஆதங்கம் அங்கேதான்.

எஸ்தரின் படங்கள் பெரும்பாலும் தொலைந்துவிட்டன. அவருடைய புகைப்படங்கள் நூற்றுக்கணக்கில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குப்பைத் தொட்டியிலிருந்து கிடைத்தன. எஸ். லூயிசா வெய் அவற்றை வைத்துத்தான் 'கோல்டன் கேட் கேர்ள்ஸ்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 2013இல் வந்தது. அதைத்தான் இப்போது நாம் பார்க்கப் போகிறோம். எஸ்தரோடு நிற்கும் நடிகர் நடிகைகளின் முகங்களையும் கவனித்துப் பாருங்கள். படம் முடிந்ததும் அவர்களைப் பற்றியும் பேசுவோம்.