தலாக் பஞ்சாயத்தும் பிள்ளைகளின் கண்ணீரும்

(பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் லாரித் தொழிலிலும் வெள்ளிப் பட்டறையிலும் உழைத்து வாழும் நம் குடும்பங்கள், கணவன் மனைவி பிணக்கு என்றதும் முதலில் நாடுவது பள்ளிவாசல் நிர்வாகத்தையே. நாமும் "அனுசரித்துப் போம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அடிபட்டு வந்தவளை அடித்தவனிடமே ஒப்படைக்கிறோமே என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

திருநெல்வேலி வழக்கொன்று நமக்குப் படிப்பினையாகும். 2010-ல் மணமுடித்த பெண் ஒருவர், குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் 2018-ல் நீதிமன்றத்தை நாடினார். தலாக் கூறிவிட்டதாக வாதிட்ட கணவர், தனியார் ஷரீஅத் கவுன்சில் ஒன்றின் சான்றிதழைக் காட்டினார், மறுமணமும் செய்திருந்தார். மனைவிக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும், பிள்ளைக்கு மாதம் 25,000 ரூபாயும் வழங்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதனை உறுதி செய்தது. தலாக்கை மனைவி மறுத்தால் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றமே என்றும், தனியார் அமைப்பின் சான்று செல்லாது என்றும் தெளிவுபடுத்தியது.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள இச்சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொதுவானது. கணவன் வீட்டில் குடியிருக்கும் உரிமையையும், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் உத்தரவையும் பெண் இதன்கீழ்க் கோரலாம். கொடுமையைக் காரணங்காட்டி மணவிலக்குக் கோரும் உரிமையை 1939-ஆம் ஆண்டுச் சட்டமே முஸ்லிம் பெண்ணுக்கு அளித்துள்ளது.

பிள்ளையைப் பறித்து வைத்துக்கொண்டு, "மஹரை விட்டுக்கொடு, வழக்கை வாபஸ் வாங்கு" என்று மிரட்டுவதும் வன்முறையே. ஹனஃபி மத்ஹபின்படி ஆண் பிள்ளை ஏழு வயது வரையிலும், பெண் பிள்ளை பருவமடையும் வரையிலும் தாயின் பராமரிப்புக்கு உரியவர்கள். 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டமும் பிள்ளையின் நலனையே முன்னிறுத்துகிறது. தாய் அடிபடுவதைக் கண்ட பிள்ளை, பஞ்சாயத்து நாளில் "யாரிடம் போகிறாய்?" என்று சபை நடுவே கேட்கப்பட்டால் என்ன பதில் சொல்லும்?

ஆகவே இனி சிலவற்றைக் கடைப்பிடிப்போம். பெண்ணின் முறையீட்டை, மூத்த பெண்மணி ஒருவரை உடன் வைத்துத் தனியே கேட்போம். கணவர் தரப்பையும் நீதியுடன் விசாரிப்போம். அடிதடி இருந்தால் சமரசத்திற்கு வற்புறுத்தாமல், மாவட்டச் சமூகநல அலுவலகத்திற்கோ 181 உதவி எண்ணிற்கோ வழிகாட்டுவோம். பிள்ளையைச் சபையில் நிறுத்த மாட்டோம்.

இரு குடும்பத்தாரிலிருந்தும் நடுவர்களை ஏற்படுத்துமாறு திருமறை (4:35) பணிக்கிறது. தீங்கிழைக்கும் நோக்கில் மனைவியரைத் தடுத்து வைக்கலாகாது (2:231) என்றும் அதே திருமறை எச்சரிக்கிறது. முன்னதை மட்டும் பற்றிக்கொண்டு பின்னதை நாம் மறந்துவிடலாகாது.

அல்லாஹ் நம் இல்லங்களில் அமைதியை நிலவச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.